அம்மாவுக்கு ஒரு கதிரை

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
டிசம்பர் 7

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ரொறன்ரோவில் முதல் தடவையாகப் பதினான்கு பேருக்கு நீ நத்தார்ச் சாப்பாடு சமைக்கப் போகிறாய் என்று வாசித்ததும் உடனே பேனாவை எடுத்தேன். பிறகு மூன்று நாள் கரண்ட் வந்து வந்து போனது. இங்கே மாரி மழை விடாமல் பெய்கிறது. விறகெல்லாம் ஈரம், வாவியில் தண்ணீர் ஏறி நிற்கிறது. அங்கே உனக்குப் பனி, எனக்கு இங்கே மழை. அடுப்படிக் கவலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நீ அளவு கேட்டிருந்தாய். சோற்றுக்கு ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி என்று வை. பதினான்கு பேருக்கு ஏழு சுண்டு. இரண்டு கொத்துப் போட்டால் எட்டுச் சுண்டு, யாராவது கூட வந்தாலும் காணும். இறைச்சி மூன்று கிலோ போதும், மற்றக் கறிகளும் இருக்கின்றனவே. எங்கள் வீட்டில் இந்த முறை மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கஜுக் கறி, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு, அப்பளம். அதற்கு மேல் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கட்லட்டும் ரோல்ஸும் வேண்டுமென்று சின்னவன் கேட்டான். அதைப் புதுவருஷத்துக்குச் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் இப்படிக் குறைக்கிறேன் என்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நத்தாரன்று அம்மா மேசையில் இருந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் பரிமாறி, கோப்பைகளை எடுத்து, கடைசியில் குசினி வாங்கில் இருந்து சட்டியில் மிஞ்சியதைப் போட்டுச் சாப்பிடுவா. நீயும் அந்தக் குசினியில் அவவோடு இருந்து சாப்பிட்டிருக்கிறாய். போன வருஷம் அவவுக்கு நெடுநேரம் நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அகப்பையோடு நின்றா. அதைப் பார்த்த அன்றே நினைத்துவிட்டேன், அடுத்த முறை அம்மாவுக்கு மேசையில் ஒரு கதிரை, அவவின் கோப்பையில் முதல் சோறு. அவ இருக்கவேண்டுமென்றால் குசினியில் வேலை இருக்கக்கூடாது. வேலை இருந்தால் எழும்பிப் போய்விடுவா.

அதனால் இந்த முறை எல்லாவற்றையும் பின்னாலிருந்து கணக்குப் பார்த்தேன். 25ஆம் திகதி காலை அடுப்பில் பெரிய வேலை இரண்டே, சோறும் இறாலும். மோஜுவை 22ஆம் திகதி செய்து போத்தலில் போட்டுவிடலாம், வினாகிரியும் கடுகும் இருப்பதால் பழுதாகாது. அச்சாறு அதற்கும் முதல்நாள். மூன்று நாலு நாள் ஊறினால்தான் கரட்டிலும் சின்ன வெங்காயத்திலும் கடுகுக் காரம் இறங்கும். இறைச்சியை 24ஆம் திகதி பின்னேரம் இரண்டாம் பாலில் அவித்து இறக்கிவிடுவேன். முதற்பாலை அன்றைக்கு விடாதே, மறுநாள் சூடாக்கும்போது விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கு. கறி இரவில் ஊறிய ருசி தனி. இங்கே கரண்டை நம்பிக் குளிர்ப்பெட்டியில் வைக்க முடியாத நாளில், முதற்பால் விடாத கறிதான் தாங்கும். உனக்கு அந்தக் கவலை இல்லை, ஆனாலும் இப்படியே செய், பால் திரளாது.

இறாலும் 24ஆம் திகதி காலையிலேயே வாங்கவேண்டும். நத்தாரன்று எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் மீன்பிடித் தொழிலுக்குப் போகமாட்டார்கள். துப்புரவாக்கி மஞ்சளும் தூளும் உப்பும் பிரட்டி ஐஸில் வைத்துவிடுவேன். தயிருக்கும் இப்போதே சொல்லி வைத்தாயிற்று. வயல் செய்யும் காலத்தில் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து பால் வந்து சட்டியில் உறைந்து கைக்கு வரவேண்டும். நாலு சட்டி கேட்டிருக்கிறேன்.

கேக் முடிந்துவிட்டது. பழங்களை ஒக்டோபர் கடைசியில் வெட்டி ஊறவைத்தேன்: சுல்தானா, பிளம்ஸ், செரி, இஞ்சிப் பாகு, பூசணிப் பாகு, கஜு. ரவை 250 கிராமை வறுத்து, சூடு ஆறுமுன் 250 கிராம் பட்டரில் போட்டுப் பிரட்டினேன். அம்மாவின் கொப்பியில் சீனி 500 கிராம் என்று இருக்கிறது, நான் 350தான் போட்டேன், பழத்தின் இனிப்பே போதும். பன்னிரண்டு மஞ்சட்கரு, ஏலம், கராம்பு, சாதிக்காய், பன்னீர், ஒரு கரண்டி தேன். தட்டுக்கு அடியிலும் சுற்றிலும் பத்திரிகைத் தாள் நாலைந்து மடிப்பு, அதன்மேல் எண்ணெய்த் தாள். 150 பாகையில் இரண்டரை மணித்தியாலம். உன் போறணை எங்களுடையதைவிடச் சூடு பிடிக்கும், இரண்டு மணித்தியாலத்தில் ஈர்க்குக் குத்திப் பார். நீ இன்னும் பழம் வெட்டவில்லை என்றால் பயப்படாதே. தோடம்பழச் சாற்றைச் சூடாக்கி அதில் ஒரு இரவு ஊறவை. காத்தான்குடியில் எங்களுக்கு வேண்டிய முஸ்லிம் வீட்டுக்கு நான் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் பிராந்தி இல்லாமல் வேறாக ஒரு தட்டுச் செய்கிறேன். பெருநாளைக்கு அவர்கள் அனுப்பும் வட்டிலப்பத்தை நினைத்தால் அந்தத் தட்டுக்கு நல்ல கஜுவாகத் தேடிப் போடத் தோன்றும்.

பலகாரத்தில் ஒரு ஒழுங்கு உண்டு, இதை அம்மா ஒருபோதும் மாற்றவிடமாட்டா. முட்டையும் இறைச்சியும் குசினிக்குள் வருமுன் முறுக்கும் பயற்றம் உருண்டையும் செய்து தனி வாளியில் மூடிவிடவேண்டும். பக்கத்து வீடுகளில் இந்த நாட்களில் பிள்ளையார் கதை, அதன்பின் திருவெம்பாவை என்று விரதம். அவர்களுக்குப் போகிற தட்டில் விரதக்காரர் தயக்கமில்லாமல் கைவைக்க வேண்டும் என்பா. தைப்பொங்கலன்று அந்தத் தட்டு நிறைந்து திரும்பி வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது அளவாகச் சமைப்பதற்கு. உனக்குத் தெரியும். 2004இல் சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முதல்நாள் இறைச்சிக் கறியை அம்மா சூடாக்கிக்கொண்டிருந்தா. கல்லடிப் பாலத்தால் சனம் ஓடி வந்தது. நாவலடியில் இருந்த சின்னம்மா வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் 25ஆம் திகதிச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் மறுநாளைக்கு வைத்ததில்லை. மிச்சத்தைப் பின்னேரமே பார்சல் கட்டிக் கொடுத்து, இரவு படுக்குமுன் எல்லாச் சட்டியும் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். 26ஆம் திகதி காலையில் நாவலடி நினைவுத் தூபியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து கஞ்சியும் சம்பலும். அன்றைக்கு அம்மா மீன் தொடமாட்டா. பிள்ளைகளும் ஒன்றும் கேட்காமல் அந்தக் கஞ்சியைக் குடிப்பார்கள். சின்னம்மாவைக் கண்டிராத பிள்ளைகள்.

நேற்று மருமகளிடம் கொப்பியைக் கொடுத்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னேன். அம்மாவின் எழுத்துச் சில இடங்களில் அவளுக்கு விளங்கவில்லை. இருவருமாக அம்மாவிடம் போய்க் கேட்டோம். அவ கட்டிலில் இருந்தபடியே ஒன்றரை மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தா. மஞ்சள் சோற்றுக்கு றம்பை இலை எத்தனை துண்டு, சேரைப் புல்லை எப்போது எடுத்துவிடவேண்டும், எல்லாம். கதிரை விஷயத்தை மட்டும் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே வேண்டாமென்பா. சாமப்பூசை முடிந்து வந்து, மறுநாள் மத்தியானம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்துவதாக நானும் மருமகளும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உன் கேக் தட்டின் அகலம் என்னவென்று எழுது, அதற்கேற்ற அளவை அனுப்புகிறேன். அங்கே றம்பை கிடைக்குமா? கிடைக்காவிட்டால் கறுவாவும் ஏலமும் கொஞ்சம் கூடப் போடு. உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல். மழை திரும்பவும் வருகிறது, விறகை மூடவேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி