மெக்சிகோ சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவுக்கு ஆட்களை அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். 'மறைந்துபோன மாயர்கள்' என்ற வரியை உங்கள் விளம்பரங்களிலிருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பழைய பிரமிடுகளைக் கட்டிய அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், தங்கள் மொழிகளையே பேசுகிறார்கள். கான்குன் கடற்கரை, சிச்சென் இட்சா என்ற பழைய மாய நகரத்தின் இடிபாடுகளில் அரை நாள், அதோடு மாயர்களைப் பார்த்தாயிற்று என்று ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. சியாபாஸ் மாநிலத்துக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

பலெங்கே என்ற பழைய மாய நகரத்தில் தொடங்கலாம். அங்கே 'கல்வெட்டுகளின் கோயில்' என்ற பிரமிடின் அடியில் பாகால் மன்னனின் கல்லறையை 1952இல் அல்பெர்தோ ரூஸ் கண்டுபிடித்தார். 12 வயதில் அரியணை ஏறி, 615 முதல் 683 வரை ஆண்டவன் பாகால். இதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அந்தக் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய உறவான சோல் மொழியை அந்த வட்டாரத்து மக்கள் இன்றும் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் மலையேறி சான் கிறிஸ்தோபல் நகரம். சுமார் 2,200 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் வேண்டும். அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் சான் ஹுவான் சமூலா. அந்த ஊர்த் தேவாலயத்தில் பெஞ்சுகளே கிடையாது. தரை முழுக்கப் பைன் ஊசியிலை. வருகிற குடும்பம் இலையைக் கையால் ஒதுக்கி, மெல்லிய மெழுகுவத்திகளை உருக்கித் தரையில் வரிசையாக ஒட்டவைத்து, எதிரே உட்கார்ந்து சோட்சில் மொழியில் வேண்டுகிறது. சோட்சிலும் மாய மொழிதான். நம் சாம்பிராணி போலக் கோப்பல் பிசின் புகைகிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. இதைத் தேவாலய வாசலில் சொல்லாதீர்கள், வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டுதலில் இருப்பவர் முகத்துக்கு நேரே ஃபோனை நீட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

பக்கத்திலேயே சினகாந்தான். அங்கே பெண்கள் தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனை வாரை இடுப்பில் மாட்டிக்கொண்டு நெய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். உடம்பே தறியின் பாதி. ஒரு துணிக்கு எத்தனை நாள் ஆகிறது என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டவருக்குப் பேரம் பேச வாய் வராது. உங்கள் கமிஷன் கடைக்குக் கூட்டிப்போகாமல், நெய்தவர் கையிலேயே காசைக் கொடுத்து வாங்கவிடுங்கள்.

கிளம்பும்போது 'கொலாவல்' என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். சோட்சிலில் அதற்கு நன்றி என்று பொருள்.

அன்புடன்,
ஒரு பயணி