ஒடியல் மா வந்து சேர்ந்தது

ரொறன்ரோ,
சித்திரை மாதம்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் இருவருக்காகவும் தங்கச்சிக்காகவும் நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா தை மாதம் எழுதிய கடிதத்தைக் கொக்குவில் மாமியின் மகன் மாசியிலேயே கொண்டுவந்து தந்துவிட்டான். ஒடியல் மா, மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம் எல்லாம் ஒரு சிந்தல் இல்லாமல் வந்து சேர்ந்தன. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைக்கிறோம்தான். ஆனாலும் நான்கு பக்கம் கைப்பட எழுதியவருக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது என் பிழை. மன்னியுங்கள், அப்பா.

சந்தியில் எல்லாரும் கேட்கிறார்கள், உன் வேலை என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. தொலைபேசியில் சொன்னால் அம்மா இடையில் "சாப்பிட்டாயா" என்று கேட்பார், கதை மாறிவிடும். அதனால் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

ஒரு கொம்பனிக்குள் ஏதோ பிழைத்துப்போகிறது. நட்டம் வருகிறது, காரணம் பிடிபடவில்லை. அப்போது வெளியாட்கள் நாலைந்து பேரைக் காசு கொடுத்து அழைக்கிறார்கள். நாங்கள் எட்டு, பத்து வாரம் அங்கே இருந்து, கணக்குகளைப் பார்த்து, ஆட்களிடம் கேட்டு, காரணம் இது, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறோம். இதற்கு முகாமை ஆலோசனை என்று பெயர். இது புதிய தொழிலும் அல்ல. அமெரிக்காவில் 1886இல் ஆர்தர் டி. லிட்டில் என்ற வேதியியலாளர் தொடங்கிய நிறுவனம்தான் இவ்வகையில் மிகப் பழையது என்பார்கள். 1926இல் சிகாகோவில் ஜேம்ஸ் மெக்கின்சி என்ற கணக்கியல் பேராசிரியர் தொடங்கியது இன்று உலகம் முழுவதும் பரந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தை வைத்தே ஒரு கொம்பனியின் நோயைச் சொல்லலாம் என்று நம்பியவர் அவர். உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

கார்த்திகை முதல் தை வரை வின்னிபெக் நகரத்தில் வேலை. திங்கள் விடியற்காலை விமானம், இரண்டரை மணி நேரப் பயணம், வியாழன் இரவு திரும்பி வருவேன். நான்கு நாளும் ஹோட்டல் அறை. சாப்பாட்டுக் காசு கொம்பனி தரும். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக்கும் போனது. மூச்சு விட்டால் கண் இமையில் பனி பிடிக்கும். அம்மா பயப்பட வேண்டாம், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் போனேன்.

அங்கே வாடிக்கையாளர் உறைந்த உணவுப் பொருள் விநியோகம் செய்பவர். களஞ்சியத்தில் பெட்டிகள் குறைகின்றன, களவு போகிறது என்று சந்தேகம். எங்கள் குழு கந்தோரில் இருந்து எக்செல் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. தடித்த கோட் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு குளிரறைக்குள் போனேன். கணினி ஒரு வரிசையில் 64 அடுக்கு என்றது. நான் எண்ணினேன், 57. மறுபடி எண்ணினேன், அதே 57. பேனா மை உறைந்து எழுதவில்லை, அங்கே வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரி ஒருவர் தன் பென்சிலைத் தந்தார். என்னோடு கூடவே நின்று எண்ணினார். பிறகு, ஒன்றும் பேசாமல், சுவரில் கொளுவியிருந்த ஒரு கொப்பியைக் காட்டினார். இரவு வேலைக்காரர் உடைந்த, பழுதான பெட்டிகளை அதில்தான் எழுதுவார்கள். அதைக் கணினியில் ஏற்ற யாருக்கும் பொறுப்புக் கொடுக்கப்படவில்லை. களவே இல்லை, அப்பா. யாரும் அந்தக் கொப்பியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைதான் நினைவுக்கு வந்தது. 2006 ஆவணியில் போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடியபோது எனக்குப் பதினொரு வயது. விடியும் முன்னே வாசலில் வரிசை. நீங்கள் உள்ளே மூட்டைகளை எண்ணிக் கதவில் சோக்கால் கோடு போடுவீர்கள், ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று. நான் லாம்பு பிடித்துக்கொண்டு நிற்பேன். "எண்ணிப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது, பிள்ளை" என்று சொன்னீர்கள். சந்தியில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: மகள் அங்கே மூட்டை எண்ணுகிறாள்.

ஒன்றை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. கடைசியில் நாங்கள் கொடுத்த அறிக்கையில், செலவைக் குறைக்க இரவு வேலையை நிறுத்தலாம் என்றும் ஒரு பக்கம் இருந்தது. நிறுத்தினால் வேலை போகிறவர்களில் பென்சில் தந்த அந்தப் பெண்ணும் ஒருவர். முகாமையாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பக்கம் மாறவில்லை. அது சரியல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் பென்சில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதையும் அதால்தான் எழுதுகிறேன், எழுத்து மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி முதல் ரொறன்ரோக் கந்தோரில்தான் இருக்கிறேன். ஒரு செயற்றிட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை எல்லாருக்கும் இப்படி இடைவெளி வரும். அதனால் வீட்டுச் சாப்பாடு சாப்பிட வசதியாகிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் கீழறைக்கும் பங்குனியில் மாறிவிட்டேன். பஸ் வாசலிலேயே நிற்கிறது, ஒரு ஆளுக்கு அந்த இடம் தாராளம். கடந்த இரண்டு மாதமும் அனுப்பிய காசு குறைந்தது வரிக் கணக்குக் கட்டவேண்டியிருந்ததால்தான். வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவர் தனியே இருக்கிறார். அவரிடம் ஓர் அத்தி மரம். இந்தக் குளிரில் அத்தி பிழைக்காது. ஆகவே கார்த்திகையில் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சரித்து, குழியில் படுக்க வைத்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடிவிடுவாராம். போன சனிக்கிழமை அதை எழுப்பினார். கயிற்றின் ஒரு நுனியை என் கையில் தந்தார். மண்ணுக்குள் இருந்து மரம் நிமிர்ந்து வந்தபோது நுனியில் பச்சை மொட்டு இருந்தது. ஊரில் எனக்கு என்ன மரம் என்று கேட்டார். கறுத்தக்கொழும்பான் மாமரம் என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அன்றுதான் கூழ் காய்ச்சினேன். ஒடியல் மாவை அம்மா சொன்னபடி ஊறவைத்துப் பிழிந்து, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் தமிழ்க் கடையில் வாங்கிப் போட்டேன். உறைப்பும் புளியும் சரி. ஆனால் கூழை ஒரு ஆளுக்கென்று காய்ச்ச முடியாது. பானை நிறைந்துவிட்டது. கிழவருக்கு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரக் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். மீதியை மூன்று நாள் நானே குடித்தேன். முற்றத்தில் பாய் போட்டு, பிளாவில் வார்த்து, ஆளுக்காள் சண்டை பிடித்துக் குடித்த கூழ், அம்மா. இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே காலை ஏழரை. நீங்கள் முற்றம் கூட்டுகிற நேரம். அந்த நேரம் வரும்வரை சில நாள் படுக்காமல் இருப்பேன், அவ்வளவுதான்.

இனிக் காணி விஷயம். சின்ன மாமா தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போவதாகத் தங்கச்சி சொன்னாள். கிணறு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அம்மாவின் காணி உறுதியில் கிணற்றில் பங்கும் வழி வாய்க்காலும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்குத்தான் முதலில் அறிவிக்க வேண்டும், அதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மாமாவோடு கோபித்துக் கதைக்க வேண்டாம். பிரசித்த நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு போய் விலை கேளுங்கள், ஆவணி வரை தவணை கேளுங்கள். அதற்குள் நான் ஒழுங்கு செய்கிறேன்.

லண்டன் மாப்பிள்ளையின் படம் பார்த்தேன். நல்ல முகம். ஆனால் முதலில் தங்கச்சியின் காரியம் நடக்கட்டும். வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கே எழுதுங்கள், எனக்குப் பாதி என்று வைக்க வேண்டாம். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு இந்த முறை வர முடியாது, லீவு கிடைக்காது. தேருக்கு அம்மா எனக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் கொளுத்துங்கள்.

அம்மாவின் வலக்கண் வைத்தியத்தைப் பிற்போட வேண்டாம். மழைக்கு முன் கூரை ஓடும் மாற்ற வேண்டும், நெல்லியடிச் சித்தப்பாவிடம் ஆள் கேளுங்கள். உறுதியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துத் தங்கச்சியை அனுப்பச் சொல்லுங்கள், கிணறு எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று நான் இங்கே இருந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்