பழைய இதழ்க் கட்டுகளை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைக்கம் போராட்டம் முடிவதற்கு முன்பே, 1925 மே 2-ல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' வெளிவரத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். இந்தப் பக்கம் கேரளத்தில் சகோதரன் அய்யப்பன் மலையாளத்தில் 'சகோதரன்' நடத்தினார். சாதியைக் கேள்வி கேட்கும் துணிச்சல் நம் ஊர்களுக்கு வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட இதழ்கள் வழியாகத்தான். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

தலைவர்களின் கட்டுரைகள் தொகுப்பு நூல்களில் கிடைத்துவிடும். வாசகர் கடிதமும், சந்தா அறிவிப்பும், புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணச் செய்தியும் பழைய இதழில்தான் இருக்கும். அந்தக் கருத்து எந்த ஊரில் யாரைத் தொட்டது என்பதற்கு அவைதான் சாட்சி.

கேரளத்தில் தமிழர் வாழும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம் பக்கத்து வாசகசாலைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பொறுப்பில் இல்லையென்றால், இத்தகைய கட்டு வெறும் பழைய பேப்பராகத்தான் தெரியும். கழிப்பதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வைத்திருப்பவர்களும் தெரியாமல் கெடுத்துவிடுகிறார்கள். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. வெளிச்சம் படப்பட அமிலமேறி நொறுங்கும். அதனால் ஈரம் பட்ட இதழை வெயிலில் போடக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில் காய வேண்டும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். பூச்சி வராதென்று மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங் கடைப் பழக்கம். அந்தச் செம்பு உப்பே தாளை அரிக்கிறது. வெறும் மைதாப் பசையும் மெல்லிய தாளும் போதும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. மடிக்காமல் படுக்கையாக அடுக்குங்கள்.

படமெடுக்க செல்போனே போதும். பிளாஷை அணைத்து, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். பைண்டு செய்த கட்டில் தையல் ஓரத்து எழுத்துகள் விழாமல் போகும். அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு படம் எடுங்கள். விளம்பரம், அட்டை எதையும் விடாதீர்கள். கோப்புக்கு ஆண்டு, மாதம், தேதி, பக்கம் என்ற வரிசையில் பெயரிடுங்கள், 1928-05-06-03 என்பதுபோல. தேதியுள்ள முதல் பக்கம் கிழிந்திருந்தால் அடுத்த பக்கங்களின் மேல்விளிம்பைப் பாருங்கள், பல இதழ்களில் தேதி அங்கேயும் அச்சாகியிருக்கும்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்