லண்டன் சிநேகிதிக்கு ஒரு வாட் கடிதம்

அன்பின் சிநேகிதிக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. பிள்ளையளைப் பற்றி நாலு வரி, ஆஸ்பத்திரி வாட்டைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இவர் வாசிச்சுப்போட்டு, "உங்கள் ரெண்டுபேருக்கும் வேறை கதையே இல்லையோ" எண்டு கேட்டார். இல்லைத்தானே.

உன்ரை உதவியாளர் பிள்ளை பிரஷர், மூச்சு எல்லாம் பாத்து, நோயாளி எவ்வளவு மோசமெண்டு காட்டுற நியூஸ் 2 புள்ளியைக் கூட்டி 7 எண்டு எழுதிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனதெண்டு கொதிச்சிருந்தாய். "வேலை செய்யிறது அவை, பதில் சொல்லுறது நானோ" எண்டும் கேட்டிருந்தாய். ஓம், நீதான். உங்கடை தாதியர் சபை, அதுதான் என்எம்சி, போட்ட நடத்தைக் கோவையின்ரை 11ஆம் பிரிவே அதைத்தானே சொல்லுது: ஆளின்ரை திறமைக்குள்ளை இருக்கிற வேலையைத்தான் குடுக்கவேணும், மேற்பார்க்கவேணும், முடிஞ்ச வேலை சரியாய் வந்திருக்கோ எண்டும் பாக்கவேணும். 5 வந்தால் உடனை சொல்லவேணும், 7 வந்தால் ஓடிவரவேணும் எண்டு அந்தப் பிள்ளைக்குக் காலமை ஆரும் சொன்னவையோ? கோவிக்காதை. கூட்டத் தெரியிறது வேறை, கூட்டி வந்த எண்ணுக்குப் பயப்படத் தெரியிறது வேறை.

இஞ்சை எங்களுக்கு வேறை வில்லங்கம். தாதியர் கல்லூரி முடிச்சு வாற பிள்ளையளுக்குப் படிப்பிலை குறையில்லை, வேலை சொல்லத்தான் கூச்சம். வாட்டிலை உதவிக்கு நிக்கிற அற்றென்டன் அக்கா ஊரிலை மாமி முறையாய் இருப்பா, இல்லாட்டி அம்மாவோடை ஒண்டாய்ப் படிச்சவவாய் இருப்பா. "அக்கா, நேரம் கிடைச்சால் அந்த ஐயாவை ஒருக்காப் பாருங்கோவன்" எண்டு சொல்லிப்போட்டு இவள் போயிடுவாள். அக்காவும் போய்ப் பாப்பா. ஐயா நித்திரை. போர்வையை இழுத்துவிட்டுட்டு வந்திடுவா. இவள் நினைச்சதோ யூரின் பையை.

இப்ப நான் பிள்ளையளைப் பக்கத்திலை வைச்சுச் சொல்லிக் காட்டுறன். "அக்கா, ஏழாம் கட்டில் ஐயாவின்ரை பையை 6 மணிக்கு வெறுமையாக்கினது. 10 மணிக்கு அளந்து எழுதுங்கோ. 120 மில்லிலீற்றருக்குக் குறைவெண்டால் எழுதினதோடை விடாமல் நேரை என்னட்டை வாங்கோ." ஐயா 60 கிலோ, கிலோவுக்கு மணித்தியாலம் அரை மில்லிலீற்றர் எண்டு கணக்குப் போடுறது நேர்ஸின்ரை வேலை. அக்காவுக்கு நேரமும் எண்ணும் ஆரிட்டை வரவேணும் எண்டதும் தெரிஞ்சால் போதும். இதிலை மரியாதைக்கு என்ன குறைச்சல்? அப்பிடிச் சொன்னால் அக்காமாருக்கும் விருப்பம்தான். அரைகுறையாய்ச் சொல்லிப்போட்டுப் பிறகு ஏசுறதுதான் அவைக்குப் பிடியாது.

அமெரிக்கத் தாதியர் சபையள் வேலையை மற்றவையிட்டைக் குடுக்கிறதுக்கு 1990களிலை சொன்ன அந்த ஐஞ்சு "சரி"யும் ஞாபகம் இருக்கோ? சரியான வேலை, நிலைமை, ஆள், அறிவுறுத்தல், மேற்பார்வை. எல்லாப் பிள்ளையளும் பாடமாக்கி ஒப்புவிக்கினம். நிலைமையிலைதான் தடக்குப்படுகினம். போன கிழமை ஒரே நேரத்திலை ரெண்டு கட்டிலுக்குக் கஞ்சி வந்தது. ஒருவருக்குக் கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு; ஆரும் தீத்தலாம். மற்றவர் பாரிசவாதம் வந்து அண்டைக்குத்தான் சேர்ந்தவர், விழுங்கிறாரோ எண்டு ஒருத்தரும் இன்னும் பாக்கேல்லை. அதே கஞ்சி, அதே கரண்டி, அதே அக்கா. ஆனால் இவருக்கு ஒரு வாய் குடுத்தாலும் புரைக்கேறி நெஞ்சுக்குள்ளை போகக்கூடும். நிமித்தி இருத்தி, சொட்டுத் தண்ணி குடுத்து, இருமுறாரோ, குரல் ஈரமாய் மாறுதோ எண்டு பாத்த பிறகுதான் தீத்திற கதை. அந்தப் பாக்கிறதை அக்காட்டைக் குடுக்கேலாது. இரத்தம் ஏத்தேக்கையும் அப்பிடித்தான். இரத்த வங்கியிலை போய் எடுத்துவர ஆள் அனுப்பலாம். முதல் 15 நிமிசம் கட்டிலடியிலை நிக்கிறது நேர்ஸ்தான்.

இன்னொண்டும் இருக்கு, உனக்கு அங்கை இவ்வளவு இராது. நோயாளியோடை நிக்கிற சொந்தக்காரர். ஆள் பற்றாக்குறை, 2022க்குப் பிறகு உன்னைமாதிரி வெளிநாடு போனவையும் கனபேர். அதாலை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வைக்கிறது, குடிச்ச தண்ணியை எழுதிறது எல்லாம் மெல்ல மெல்ல மகளின்ரை தலையிலை போகுது. அது எந்தத் தாளிலையும் ஏறாது. மகள் இடுப்பு நோவோடை கதிரையிலை சாய்ஞ்சு நித்திரையானால் ஆரைக் கேக்கிறது? எனக்கு இதிலைதான் பெரிய கோவம். சொந்தக்காரர் உதவட்டும், எப்பிடித் திருப்பிறதெண்டு ஒருக்காச் செய்து காட்டிப்போட்டு விடு. ஆனால் முதுகைப் பாத்துப் படுக்கைப்புண் வாற சிவப்புக் கண்டிருக்கோ எண்டு எழுதிற பேனை எங்கடை கையிலைதான் இருக்கவேணும்.

நல்லூர்க் கோயில் திருவிழா வருது. 25 நாளும் டியூட்டி லிஸ்ட் ஒரு திருவிழாத்தான், தேரண்டைக்கு எல்லாருக்கும் லீவு வேணும். இந்தமுறை லிஸ்ட் போடுறதை ஒரு இளம் பிள்ளையிட்டைக் குடுத்திட்டன். இரவுக்கு எத்தினை பேர் குறையக்கூடாது எண்டதை மட்டும் நான் சொன்னன்; லீவு இல்லையெண்டு சொல்லுற உரிமையும் அவளுக்குத்தான். மூத்தவ ஒராள் அவளைத் தாண்டி என்னட்டை வந்தா. "அவளோடை கதையுங்கோ" எண்டு அனுப்பிவிட்டன். மூஞ்சை நீண்டது, நீளட்டும். நான் அண்டைக்கு மாத்தியிருந்தால் நாளையிலையிருந்து அவளின்ரை லிஸ்டை ஆர் மதிக்கப்போகினம்? ஆனால் இரவு ஆள் குறைஞ்சால், எங்களுக்கு மேலை இருக்கிற மேற்றன் கேக்கிறது என்னைத்தான். அதாலை லிஸ்டை ஒட்டமுந்தி ஒருக்கா வாசிச்சுத்தான் விடுவன்.

ஒரு உதவி. டியூட்டி மாறேக்கை உங்கடை உதவியாளருக்குக் குடுக்கிறதெண்டு சொன்னியே ஒரு தாள், நோயாளியின்ரை விபரம் ஒண்டும் இல்லாத வெறும் தாளாய்ப் பாத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. தமிழிலை போட்டு எங்கடை அக்காமாருக்குக் குடுத்துப் பாப்பம்.

அன்புடன்,
உன்ரை பழைய ஹொஸ்டல் அறைக்காரி