பேக்கேஜை மாற்றுமுன் ரூட்டரை நகர்த்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மாலை 7 மணிக்கு மேல் எல்டிஇ (4ஜி) இணையம் தவழ்ந்தால், பலரும் விலை கூடிய பேக்கேஜுக்கு மாறிவிடுகிறார்கள். கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். கோளாறு பெரும்பாலும் ரூட்டர் வைத்திருக்கும் மூலையில்தான்.

20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ செல்லில், அதாவது டவரின் ஓர் அலைபரப்பில், இருப்பவை 100 ரிசோர்ஸ் பிளாக்குகள் (அலைக்கற்றையின் சிறு துண்டுகள்). யாருக்கு எத்தனை என்று டவர் மில்லிநொடிக்கு ஒருமுறை பங்கிடுகிறது. ரூட்டரோ தனக்குக் கிடைக்கும் சிக்னலின் தரத்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணாகத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான அட்டவணைப்படி 15 என்றால் ஒரு குறியீட்டில் (ஒருமுறை அனுப்பும் அலைத்துணுக்கில்) சுமார் 5.5 பிட் ஏறும். 4 என்றால் 0.6 பிட்தான். அதே படத்தைப் பார்க்க ஒன்பது மடங்கு பிளாக் செலவாகும், அதுவும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து உள்ள அதே நூறிலிருந்து. 2022 தென்னாப்பிரிக்க ஏலத்தில் 1,440 கோடி ராண்டுக்குப் போன அலைக்கற்றை சமையலறைச் சுவரில் முட்டி வீணாவதை என்னவென்று சொல்வது!

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது சிக்னலின் பலம். மைனஸ் 100-ஐவிட மேலாக (மைனஸ் 90, மைனஸ் 80 என்று) இருந்தால் நல்லது. பின்னது குறுக்கீட்டையும் இரைச்சலையும்விடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது. அதுதான் வேகத்தைத் தீர்மானிப்பது. மேட்டு வீடுகளில் ரூட்டரில் எல்லாக் கோடுகளும் எரியும், எஸ்ஐஎன்ஆர் மட்டும் 2, 3 என்று கிடக்கும். நாலு பக்க டவர்களும் ஒரே பலத்தில் கேட்டு ஒன்றையொன்று குழப்புவதே காரணம். அங்கே ரூட்டரை மாடி ஜன்னலுக்கு ஏற்றினால் நிலைமை இன்னும் கெடலாம். ஒரு டவரை மட்டும் பார்க்கும் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். கூரைக்கடியில் அலுமினியத் தாள் பதித்த வீடுகளில் பரண் உதவாது. மாலையில்தான் அளக்க வேண்டும். நண்பகலில் பக்கத்து டவர்களில் போக்குவரத்து குறைவு, எண் அழகாகத் தெரியும்.

வெளி ஆன்டெனா பொருத்துவோர் ரூட்டரின் இரண்டு ஆன்டெனா இணைப்புகளையும் மாட்டுங்கள். கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்: மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 2600 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்குச் சுமார் 10 டெசிபெலை விழுங்கிவிடும். ஆன்டெனா கொடுத்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

எஸ்ஐஎன்ஆர் 15-ஐத் தாண்டியும் மாலையில் தவழ்ந்தால் செல் நிரம்பிவிட்டது என்று பொருள். நண்பகல், மாலை இரு வேளை எண்களையும் வேகத்தையும் குறித்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'ரூட்டரை அணைத்துப் போடுங்கள்' என்ற பதிலோடு அவர்கள் நழுவ முடியாது.

இப்படிக்கு,
கம்பியில்லா வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்