சும்மா இருந்தால் துடிக்கும் திரை: துப்புக் கொடுத்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் போட்ட சில இன்டெல் மடிக்கணினிகளில், எதையும் தொடாமல் விட்டால் திரை துடிக்கும். மௌஸை அசைத்ததும் அடங்கிவிடும். இதன் காரணத்தைத் தேட உதவிய எல்லாருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, ‘கணினி கிளம்பும்போது (பூட்) லினக்ஸின் மையமான கெர்னலுக்கு நோமோட்செட் என்ற சொல்லைக் கொடுத்தால் போதும்’ என்ற யோசனையை எடுத்த எடுப்பிலேயே மறித்தவருக்கு. அதைப் போட்டால் துடிப்பு நிற்கும்தான். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாது, படம் வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழும், பேட்டரி கரையும். தலைவலிக்கு மயக்க மருந்து கொடுப்பது மாதிரி.

பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (பிஎஸ்ஆர்) பக்கம் சந்தேகத்தைத் திருப்பியவருக்குத்தான் பெரிய கடன். படம் மாறாத நேரத்தில் பேனல் தன்னிடம் இருக்கும் கடைசி ஃப்ரேமையே காட்டிக்கொண்டிருக்கும், ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கம் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வுக்குள் போய் வரும் இடத்தில் சில பேனல்கள் தடுமாறுகின்றன. சோதிக்கும் வழியையும் அவரே சொன்னார்: கணினி கிளம்பும்போது வரும் க்ரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’ சேர்த்து (ஐ915 என்பது இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்), கண்ட்ரோல்-எக்ஸ். கணினி அந்த ஒருமுறை கிளம்புவதற்கு மட்டுமே இது செல்லும் என்பதால் பயமில்லை. எழுத்து பிசகினாலும் பூட் நிற்காது. கெர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அதனால்தான் பலர் ‘பலனில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். கெர்னலுக்குப் போய்ச் சேர்ந்த வரி ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘சிஎம்டிலைன்’ கோப்பில் இருக்கும். அதைத் திறந்து எழுத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

0 வேலை செய்தால் அங்கேயே நிற்காமல் 1 போட்டுப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. 1 என்றால் பிஎஸ்ஆரின் முதல் பதிப்பான பிஎஸ்ஆர்1 வரை அனுமதி, அடுத்த பதிப்பான பிஎஸ்ஆர்2 மட்டும் கிடையாது. கோளாறு பிஎஸ்ஆர்2-இல் மட்டும் இருந்தால், மின்சேமிப்பில் ஒரு பகுதி கையில் மிஞ்சும்.

நிரந்தரமாக்க, ‘ஈடிசி/டீஃபால்ட்/க்ரப்’ கோப்பில் அதே சொல்லைச் சேர்த்துவிட்டு, டெபியன், உபுண்டுவில் ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டுங்கள். ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையைச் செய்வது ‘ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10’.

இரட்டை ஜிபியு கணினிகளில் என்விடியா தூங்காமல் பேட்டரியைத் தின்பது வேறு கதை. கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’யை ஓட்டிப் பார்த்தால் அந்தக் கட்டளையே கார்டை எழுப்பிவிடும் என்று ஒருவர் எச்சரித்தார். ‘சிஸ்’ அடைவில் அந்தக் கார்டுக்கான ‘ரன்டைம்_ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படிப்பதே சரி. ‘சஸ்பெண்டட்’ என்று வர வேண்டும். ‘ஆக்டிவ்’ என்றே நின்றால், அதே கார்டின் எச்டிஎம்ஐ ஆடியோ பகுதியைப் பாருங்கள் என்று சொன்னவர் இன்னொருவர். கார்டு 01:00.0 என்றால் ஆடியோ பெரும்பாலும் 01:00.1. அதன் ‘பவர்/கண்ட்ரோல்’ கோப்பில் ‘ஆன்’ என்று இருந்தால் கார்டும் கூடவே விழித்திருக்கும். ‘ஆட்டோ’ ஆக்க வேண்டும்.

உறைந்துபோன கணினியை மறுபடி கிளப்பி, ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கொடுத்து, முந்தைய முறை கணினி ஓடியபோது கெர்னல் எழுதிய பதிவை முழுசாக அனுப்பியவர்களுக்கும் நன்றி. கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் க்ரப்பில் சேர்த்த பிஎஸ்ஆர் சொல்லை ஒருமுறை எடுத்துவிட்டுப் பாருங்கள். துடிப்பு வராவிட்டால் அது இனி தேவையில்லை.