தசம வகுத்தல்: மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா மறுபடி எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நம் வணக்கத்தைச் சொல்.

பிள்ளைகள் தசம வகுத்தலில் புள்ளியை இடம் மாற்றி வைப்பதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விடைகளைப் பார்த்தால் புள்ளியைவிடப் பூஜ்ஜியம்தான் அவர்களைத் தடுக்கிறது. 6.12 ÷ 6 கணக்கில் பாதிப் பேர் 1.2 போட்டிருக்கிறார்கள். 6-இல் 6 ஒரு முறை, அது சரி. அடுத்து 1-ஐ இறக்குகிறார்கள், அதில் 6 போகவில்லை. உடனே 2-ஐயும் இறக்கி 12 ஆக்கி, மேலே 2 எழுதிவிடுகிறார்கள். 1-ஐ இறக்கியபோதே ஈவில் 0 எழுதியிருக்க வேண்டும், அப்போதுதான் 1.02 வரும். ஒவ்வோர் இலக்கத்தை இறக்கும்போதும் மேலே ஓர் இலக்கம் ஏற வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் எழுத வைத்தால் காலிக் கட்டம் தானே காட்டிக்கொடுக்கும். இந்தப் பிழை பெரும்பாலும் முழு எண்ணிலேயே தொடங்குகிறது. 618 ÷ 6 கொடுத்துப் பார். 13 என்று எழுதுகிற பிள்ளைக்குத் தசமம் ஒரு வாரம் பொறுக்கலாம்.

இன்னொன்று மீதி. 13 ÷ 4-க்கு ஈவு 3, மீதி 1, அதை 3.1 என்று எழுதுகிறார்கள். ரூபாயாகக் கேள்: ஆளுக்கு 3 ரூபாய் 10 காசு என்றால் நாலு பேருக்கு 12 ரூபாய் 40 காசுதானே, மிச்சம் 60 காசு எங்கே? மீதி 1 என்பது பத்து பத்தில்-ஒன்றுகள். ஆளுக்கு 2, மீதி 2. அந்த 2 இருபது நூறில்-ஒன்றுகள். ஆளுக்கு 5. விடை 3.25. இதைப் பிடித்துக்கொண்டால் 4.2 ÷ 8-இல் வலப்பக்கம் பூஜ்ஜியம் சேர்த்து 0.525 வரை போகப் பயப்பட மாட்டார்கள். அந்தக் கணக்கை 8 ÷ 4.2 என்று திருப்பிப் போடுகிறவர்களும் இருப்பார்கள், கவனி.

வகுக்கும் எண்ணிலேயே புள்ளி வந்தால், விதியைச் சொல்லுமுன் 3 லிட்டர் பாலில் அரை லிட்டர் பாக்கெட் எத்தனை என்று கேள். 3 ÷ 0.5 = 6. வகுத்தால் எண் குறையும் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைய வேண்டும். பிறகு 6 ÷ 2, 60 ÷ 20, 600 ÷ 200 மூன்றுக்கும் விடை 3 என்று அவர்களே காணட்டும். இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் ஈவு மாறாது, 7.2 ÷ 0.06 என்பது 720 ÷ 6, அதாவது 120. வகுக்கும் எண்ணில் மட்டும் புள்ளியை நகர்த்தினால் 1.2 வரும். 0.06-ஐ 100 முறை எடுத்தாலே 6 தான், ஆகவே விடை நூற்றுக்கு மேல் என்று முதலிலேயே வாயால் சொல்ல வை. செய்முறை இல்லாமல் இப்படி உத்தேச விடை மட்டும் சொல்லும் கணக்கு தினமும் குறைந்தது இரண்டு வேண்டும் என்பேன்.

பயிற்சித்தாளுக்கு எண்களைக் கண்டபடி எடுக்காதே. 3, 6, 7, 9 ஆகியவற்றால் வகுக்கும்போது பல கணக்குகள் முடியாமல் ஓடும். விடையிலிருந்து பின்னோக்கி வா: 7 × 0.36 = 2.52, ஆகவே 2.52 ÷ 7 கொடு. ஈவின் நடுவில் பூஜ்ஜியம் வருபவற்றையும் அப்படியே செய்துகொள்ளலாம்: 9 × 3.07 = 27.63. இந்த வகையில் ஒரு தாள் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி